தம்புரான் கேட்ட கேள்வியும் காக்கான் சொன்ன பதிலும்

எங்கள் பக்கத்துக் காக்காரிச்சி நாடகத்தில் தம்புரான் வேடம் கட்டி வருவதில்லை. ஆட்டக்களத்தின் ஓரத்தில், பார்க்க வந்த ஜனங்களோடு ஜனமாக ஒருவர் உட்கார்ந்திருப்பார். தோளில் நேரியது என்ற மேல்துண்டு ஒன்று கிடக்கும், அவ்வளவுதான். கையில் பந்தத்தோடு காக்கான் கூட்டத்துக்குப் பின்னாலிருந்து ஆடிக்கொண்டு வருவான். உடனே அந்த ஆள் குரல் கொடுப்பார். யாரடா நீ, எங்கிருந்து வருகிறாய், இந்த ஊரில் உனக்கு என்ன வேலை? அதற்குப் பிறகு மூன்று நான்கு மணி நேரம் அவர் கேட்பதும் காக்கான் சொல்வதுமாகவே ஆட்டம் ஓடும். கேள்வி அதிகாரத்தின் குரலில் வரும். பதில் ஒன்றுகூட நேராக வராது. அந்தக் கோணல் பதில்களில்தான் எங்கள் எல்லைக் கிராமங்களின் பச்சைச் சிரிப்பு முழுவதும் குடியிருந்தது.

பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடையில், மலையாளமும் தமிழும் ஒரே வாயில் புழங்கும் ஊர் என்னுடையது. களியிக்காவிளைச் சந்தைக்கு நடந்தே போவோம். பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள் நான். என் அம்மாவின் அண்ணன் இருபது வயதிலிருந்து, காக்கானின் பெண்டாட்டியான காக்காத்தி வேடம் கட்டியவர். ஊரில் அவருடைய பெயரைவிட அந்த வேடத்தின் பெயர்தான் நிலைத்தது. மாமா சொன்னதையும் நான் கண்ணால் கண்டதையும் புத்தகங்களில் படித்ததையும் சேர்த்து இதை எழுதுகிறேன். இந்தச் சிரிப்புக்கு ஒரு வரலாறு இருக்கிறது என்பதையே பலர் ஒத்துக்கொள்வதில்லை என்பது எனக்குப் பெரிய மனக்குறை.

காக்காலர் என்பவர்கள் ஊர் ஊராய்ப் போய்க் கைரேகை பார்த்துக் குறி சொல்லிய நாடோடிகள். சிவனும் பார்வதியும் கங்கையும் சாபத்தால் பூமிக்கு வந்து இந்தக் குறிகாரக் கூட்டத்தில் பிறக்கிறார்கள் என்பதுதான் நாடகத்தின் கதை. பெண்டாட்டிகளைத் தேடிக் காக்கான் ஊர்சுற்றி வருகிறான், தம்புரானின் நிலத்தில் கால் வைக்கிறான், விசாரணையில் மாட்டுகிறான். குற்றாலக் குறவஞ்சி படித்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. 18ஆம் நூற்றாண்டில் மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயர் எழுதிய அந்த நூலிலும் குறி சொல்லப் போன சிங்கியைத் தேடிச் சிங்கன் அலைகிறான். கண்டுபிடித்ததும் அவர்கள் பேசிக்கொள்வது கட்டில் பேச்சுக்குப் பக்கத்தில் நிற்கிறது. மேற்கு மலைத்தொடரின் கிழக்கே புலவர் கையில் ஏட்டுக்கு வந்தது, மேற்கே ஆசாரிகளும் ஈழவர்களும் பாணர்களும் குறவர்களும் ஆடிய வாய்மொழிக் கூத்தாக நின்றது. ஒன்றிலிருந்து மற்றொன்று பிறந்தது என்று நான் சாதிக்கவில்லை. ஒரே காற்றில் வளர்ந்தவை என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

ஆர்மோனியம், மிருதங்கம், கஞ்சிரா, கைமணி. இவ்வளவுதான் வாத்தியம். பெண் வேடமும் ஆண்களே கட்டினார்கள். இங்கே ஒன்றைச் சொல்லாமல் போக முடியாது. எங்கள் பாறசாலையின் பெயரைச் சங்கீத உலகத்துக்குக் கொண்டுபோன பொன்னம்மாள், திருவனந்தபுரம் நவராத்திரி மண்டபத்தில் உட்கார்ந்து பாட 2006 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த மண்டபத்தில் பாடிய முதல் பெண் அவர். பெண் வாயிலிருந்து கீர்த்தனமே வரக் கூடாது என்றிருந்த நாட்டில் பச்சைப் பேச்சு எப்படி வரும்? மாமா சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு பெண்ணாக நின்று, பெண்கள் சொல்ல நினைத்ததைச் சொன்னார். அதுதான் அந்த வேடத்தின் பயன் என்று நான் நினைக்கிறேன்.

சிரிப்பு எங்கிருந்து வந்தது? பாதி, இரண்டு மொழிகள் உரசும் இடத்திலிருந்து. ஒரு உதாரணம் சொல்கிறேன். எங்கள் தமிழில் சந்தி என்றால் நாலு ரோடு கூடும் இடம். மலையாளத்தில் ஏறக்குறைய அதே ஒலியில் சொன்னால் உட்காரும் இடம், பிட்டம். தம்புரான் மலையாளத்தில் கேட்கிறார், எங்கேயடா நிற்கிறாய் என்று. காக்கான் தமிழில் பணிவாகக் குனிந்து, "சந்தியில நிக்குதேன் தம்புரானே" என்கிறான். யாருடைய சந்தியில் என்று அவர் சீறுகிறார். "இந்த ஊருல வேற யாருக்கு இருக்கு? எல்லாம் தம்புரானுக்கச் சந்திதான். ஊரே அதுலதான கெடந்து கஷ்டப்படுது" என்று கையெடுத்துக் கும்பிடுகிறான். கூட்டம் சரிந்து விழும். இதில் ஒரு கெட்ட வார்த்தையும் கிடையாது. காக்கானைப் பிடித்து அடித்தால் நாலு ரோட்டைச் சொன்னதற்காக அடித்ததாக ஆகும். குத்தகை கட்ட முடியாமல் நிற்கிறவன், தன் நிலத்தின் சொந்தக்காரனுடைய பின்புறத்தை ஊர் நடுவில் பேசிவிட்டுக் கும்பிடும் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனான். மாமா சொல்வார், "மக்களே, கும்பிடு சரியா விழலேன்னா தமாசு தெறி ஆயிரும்."

தமாசு எது, தெறி எது என்பதை மாமா போன்றவர்கள் மிகக் கூர்மையாகப் பிரித்து வைத்திருந்தார்கள். களத்தில் ஆடும்போது அது நேரம்போக்கு. அதையே ஒரு பையன் வீட்டில் சொன்னால் வேண்டாதீனம். வாயில் ஒன்று விழும். கோபத்தில் ஒருவனைப் பார்த்து ஒருவன் சொன்னால் தெறி, அளவு மிஞ்சினால் பச்சத்தெறி. யாராவது தெருவில் நின்று வாய்க்கு வந்தபடி ஏசினால், அவன் பரணிப்பாட்டுப் பாடுகிறான் என்பார்கள். அது கொடுங்கல்லூர் பகவதி கோயிலில் மீன மாதத்துப் பரணியின்போது தேவியை நோக்கியே பாடப்படும் பாட்டுகளிலிருந்து வந்த பெயர். வார்த்தை ஒன்றாகவே இருக்கலாம். யார், யாரிடம், எந்த இடத்தில், எந்த நேரத்தில் என்பதைப் பொறுத்துப் பெயர் மாறியது.

தமிழ் இலக்கணமும் இதை அறிந்தே இருந்தது. அவையில் சொல்லத் தகாத சொல்லுக்கு அவையல் கிளவி என்று தொல்காப்பியம் பெயர் வைத்து, அதை மறைத்துச் சொல்ல வேண்டும் என்கிறது. ஆனால் உடனே அடுத்த நூற்பாவில், நெடுநாள் வழக்கில் மருவி வந்ததை மறைக்க வேண்டியதில்லை என்றும் சொல்லிவிடுகிறது. ஆப்பியையும் ஆட்டுப் பிழுக்கையையும் உரைகாரர்கள் உதாரணம் காட்டுகிறார்கள். வகுப்பில் இடக்கரடக்கல் நடத்தும்போதெல்லாம் இந்த இரண்டாவது விதியைச் சேர்த்தே சொல்லிக்கொடுத்தேன். பாடப்புத்தகம் முதல் பாதியோடு நின்றுவிட்டால் பிள்ளைகளுக்கு மொழி என்பதே ஒரு கண்டிப்பான வாத்தியார் என்று தோன்றிவிடும்.

இனி பெண்கள் பக்கம். நாடகத்தில் பெண் பேசவில்லை என்பதால் பெண்ணுக்குப் பச்சைச் சிரிப்பு இல்லை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். எல்லையின் இரண்டு பக்கமும் கொல்லாங்கொட்டை உடைக்கும் ஆலைகள் உண்டு. அதற்கு எங்கள் ஊர்ப் பெயர் அண்டியாப்பீஸ். அண்டி என்பது கொல்லாங்கொட்டை. மலையாளக் கொச்சையில் அதற்கு ஆணுறுப்பு என்றும் பொருள். காலையில் தூக்குச்சட்டியோடு போகும் பெண்ணை வழியில் ஒருவன் எங்கே போகிறாய் என்று கேட்டால், அவள் சொல்லப்போகும் பதிலுக்காகத்தான் கேட்கிறான். முதல் நாள் குனிந்துகொண்டு போவாள். பத்தாம் நாள் அவளே, "அண்டி தட்டத்தான். ஒனக்கு ஏதாச்சும் தட்டணுமா?" என்று திருப்பிக் கேட்பாள். அவன் அதற்கு மேல் அந்த வழியில் நிற்க மாட்டான்.

என் பெரியம்மை அங்கே வேலை பார்த்தாள். வறுத்த கொட்டையைக் கல்லில் வைத்துச் சிறு கட்டையால் தட்டி, தோடு பிளந்து பருப்பு உடையாமல் எடுக்க வேண்டும். தோட்டிலிருந்து வடியும் எண்ணெய் பட்டால் தோல் வெந்து கறுக்கும். அதற்காகக் கையில் சாம்பல் பூசிக்கொள்வார்கள். பெரியம்மையின் இரண்டு உள்ளங்கைகளும் விரல் நுனிகளும் ஞாயிற்றுக்கிழமையும் கறுப்பாகவே இருக்கும். சோற்றைப் பிசையும்போது அந்தக் கறுப்பைப் பார்த்து எனக்கு அழுகை வரும். அவள் அதைக் காட்டியே ஒரு வேண்டாதீனம் சொல்லி அம்மாவைச் சிரிக்க வைப்பாள். நூறு பெண்கள் வரிசையாகக் குந்தியிருக்கும் கொட்டகையில், மேஸ்திரி அந்தப் பக்கம் நகர்ந்ததும் ஒருத்தி அழிப்பாங்கதை போடுவாள். விடுகதைக்கு எங்கள் பேர் அது. மலையாளத்திலும் அந்தச் சொல் உண்டு. கதையைக் கேட்டால் காது பொத்தத் தோன்றும். விடை உரலும் உலக்கையுமாக இருக்கும். அல்லது பனையேறி கடிப்பை வைத்துப் பாளையை இடுக்குவதாக இருக்கும். மனதில் வேறொன்றை நினைத்தவள்தான் கெட்டவள், கதை போட்டவள் நல்லவள் என்று தீர்ப்பாகும். கூலி உயராத, கை வேகும் வேலையில் அந்தப் பெண்கள் மாலைவரை உட்கார்ந்திருந்ததற்கு இதுவும் ஒரு காரணம். இதை ஆபாசம் என்று எழுதுகிறவர் ஒருநாள் அந்தக் கல்லின் முன் குந்த வேண்டும்.

குமரி மாவட்டத்துத் தோல்பாவைக் கூத்திலும் இந்தச் சிரிப்பு உண்டு. ராமாயணத்துக்கு நடுவே உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் வந்து வயிற்றையும் படுக்கையையும் பேசிவிட்டுப் போவார்கள். சுடலைமாடன் கோயில் கொடை விழாக்களில் மகுடம் அடித்துப் பாடும் கணியான் கூத்தில் அண்ணாவியும் பெண் வேடக்காரரும் நடத்தும் சீண்டல்கள் இதன் உறவு. நாகர்கோவில் அ.கா. பெருமாள் இவற்றையெல்லாம் விரிவாக எழுதியிருக்கிறார், அதனால் நான் இங்கே நிற்கவில்லை.

இந்தச் சிரிப்பு எப்போது வெட்கப்பட வேண்டிய ஒன்றாயிற்று? என் அப்பா வழி சபைக் குடும்பம். லண்டன் மிஷன்காரர்கள் 19ஆம் நூற்றாண்டில் பாறசாலையை ஒரு மையமாக்கிக்கொண்டார்கள். ஜான் ஆப்ஸ் இங்கே ஊழியம் செய்து, தன் 22 ஆண்டு அனுபவத்தை 1870-ல் புத்தகமாக்கினார். சாமுவேல் மேட்டீர் 1871-லும் 1883-லும் திருவிதாங்கூரைப் பற்றிப் பெரிய நூல்கள் வெளியிட்டார். சபையில் சேர்ந்தவர்கள் கொடைக்குப் போகக் கூடாது, கூத்துப் பார்க்கக் கூடாது. கல்யாணத்தின்போது ஞானஸ்நானம் பெற்ற என் அம்மா, சொந்த அண்ணன் ஆடுவதை அதற்குப் பிறகு ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. ஆலமரத்துக்கு அந்தப் பக்கம் நின்று ஆர்மோனியச் சத்தத்தை மட்டும் கேட்டுவிட்டு வருவாள்.

ஆனால் சபையை நான் பழிக்க மாட்டேன். அந்த மிஷன்காரர்களின் காலத்தில்தான் இதே தென் திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மார்பை மறைக்கப் போராடி, அடிபட்டு, சேலை கிழிபட்டு, 1859 ஜூலை 26 பிரகடனத்தில் அந்த உரிமையைப் பெற்றார்கள். அதற்கு முன் எது மானம், எது அவமானம் என்பதைச் சாதி முடிவு செய்தது. உயர்ந்தவர் முன்னால் மேலாடையை எடுப்பது மரியாதை என்றிருந்த நாட்டில், ஆபாசம் என்ற சொல்லுக்கு என்ன பொருள் இருந்திருக்க முடியும்? பள்ளிக்கூடமும் மேலாடையும் தந்த கை, கூத்தை விலக்கச் சொன்னபோது எங்கள் முன்னோர் கேட்டார்கள். அவர்கள் செய்தது புரிகிறது. இந்துப் பக்கத்திலும் இதுவே நடந்தது. நெய்யாற்றின்கரைக்குப் பக்கத்தில் அருவிப்புறத்தில் 1888-ல் சிவலிங்கம் நிறுவிய நாராயண குரு, பலியையும் கள்ளையும் சிறுதெய்வ வழிபாட்டையும் விடச் சொன்னார். மக்கள் நிமிர்ந்தார்கள். கொடைகளின் இரவுகள் குறுகின. இரவு குறுகியபோது முதலில் வெட்டுப்பட்டது நள்ளிரவுக்கு மேல் வரும் நேரம்போக்குத்தான்.

சட்டமும் சேர்ந்துகொண்டது. 1860-ன் இந்தியத் தண்டனைச் சட்டம் 294ஆம் பிரிவில், பொது இடத்தில் பிறருக்குத் தொந்தரவாக ஆபாசப் பாட்டுப் பாடினால் மூன்று மாதம்வரை சிறை என்றது. அந்த நூற்றாண்டின் கடைசியில் திருவிதாங்கூரும் அதே அச்சில் தன் தண்டனைச் சட்டத்தை வைத்துக்கொண்டது. 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவிலும் 296ஆம் பிரிவாக அது தொடர்கிறது. பிறருக்குத் தொந்தரவாக என்று சட்டம் சொல்வதைக் கவனிக்க வேண்டும். முந்நூறு பேர் விழுந்து விழுந்து சிரிக்கும் களத்தில் தொந்தரவுபட்டது யார்? முன்வரிசையில் உட்கார்ந்திருந்த உண்மையான தம்புரான்களாகத்தான் இருக்கும்.

பிறகு 1956 நவம்பர் 1, மொழிவாரி மாநிலப் பிரிப்பு. அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் சென்னை மாநிலத்துக்குப் போயின. தமிழர் கேட்ட நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்றுவிட்டது. கோடு விழுந்ததும் இரண்டு மொழியில் சிரித்த கலைக்கு வீடு இல்லாமல் போயிற்று. கேரளத்தில் அது மலையாள நாட்டுக்கலை. தமிழ் வசனம் புரியவில்லை என்று மேடைக்கு மேடை குறைக்கப்பட்டது. தமிழ்நாட்டில் அதைப் பற்றிப் பேச்சே இல்லை. சந்தி வேடிக்கையை இரண்டு மொழியும் தெரிந்தவர் மட்டுமே சிரித்து முடிக்க முடியும். ஒரு மொழியை எடுத்துவிட்டால் அங்கே வெறும் பிட்டம்தான் மிச்சம்.

இப்போது நான் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. பழைய சிரிப்பு அத்தனையும் பொன் என்று நான் சொல்ல வரவில்லை. மாமாவின் செட்டிலேயே, ஊனமுற்றவரை, கறுத்த பெண்ணை, ஆண்பிள்ளை இல்லாதவளை, தங்களைவிடத் தாழ்ந்த சாதியைக் கிண்டலடித்த பேச்சுகள் இருந்தன. அவை போனால் எனக்கு ஒரு சொட்டுக் கண்ணீரும் வராது. காக்கான் தம்புரானைப் பார்த்துப் பேசியது ஒரு ரகம். ஆட்டக்காரர்கள் கூட்டத்திலிருந்த ஒரு ஏழைப் பெண்ணை நோக்கிக் கையை நீட்டிச் சொன்னது வேறு ரகம். முதலாவது அதிகாரத்தைச் சற்று நேரம் அம்மணமாக்கியது. இரண்டாவது ஏற்கெனவே அம்மணமாக நிறுத்தப்பட்டவளை மீண்டும் உரித்தது. சபையும் சட்டமும் சீர்திருத்தமும் இந்த இரண்டையும் ஒரே ஆபாசம் என்ற பெயரில் கட்டித் தூக்கிப் போட்டன. வருத்தம் என்னவென்றால், முதலாவதுதான் செத்தது. இரண்டாவது தொலைக்காட்சி நகைச்சுவையிலும், திருவிழா ஆடல் பாடல் மேடையிலும், சினிமாவின் இரட்டை அர்த்த வசனத்திலும் செழிப்பாக இருக்கிறது. மதுரை உயர் நீதிமன்றக் கிளை ஆடல் பாடலுக்கு அனுமதி தரும்போதெல்லாம் ஆபாச நடனமும் இரட்டை அர்த்தப் பாட்டும் கூடாது என்று நிபந்தனை போட வேண்டியிருப்பது அதனால்தான்.

கி. ராஜநாராயணன் கரிசல் காட்டில் இந்த வேலையைச் செய்து காட்டினார். ஊர்ப் பெரியவர்கள் ரகசியமாகச் சொல்லிவந்த கதைகளைக் கூச்சமில்லாமல் சேகரித்து ‘வயது வந்தவர்களுக்கு மட்டும்’ என்று வெளியிட்டார். கழனியூரனோடு சேர்ந்து ‘மறைவாய் சொன்ன கதைகள்’ என்ற தொகுப்பும் கொண்டுவந்தார். முகம் சுளித்தவர்கள் உண்டு. ஆனாலும் அந்தக் கதைகள் பிழைத்துவிட்டன. காக்காரிச்சிக்கு மலையாளத்தில் ஜி. பார்கவன் பிள்ளை போன்றவர்கள் உழைத்திருக்கிறார்கள். எங்கள் எல்லைத் தமிழில் ஆடிய வடிவத்துக்கு அப்படி ஒருவர் வாய்க்கவில்லை.

மாமா இறந்த பிறகு அவருடைய தகரப் பெட்டியில் இரண்டு நோட்டுப் புத்தகங்கள் கிடைத்தன. பாட்டுகள் மலையாள எழுத்தில் தமிழாக இருந்தன. காக்கானின் பதில்கள் வரும் இடங்களில் மட்டும் பென்சிலால் கோடு போட்டு அடித்திருந்தது. அடித்தது மாமாவின் கைதான். கடைசிக் காலத்தில் ஒரு கலைவிழா மேடைக்காக அரை மணி நேரத்துக்குச் சுருக்கச் சொன்னார்களாம். பென்சில் கோட்டுக்கு அடியில் எழுத்து இன்னும் வாசிக்கும்படியே இருக்கிறது. நான் அதை அப்படியே படியெடுத்துக்கொண்டிருக்கிறேன், ஒரு சொல்லையும் மாற்றாமல், எங்கே சிரிப்பு வரும் என்று பக்கத்தில் குறித்தும் வைக்கிறேன்.

உங்கள் வீட்டுப் பரணில் இப்படி ஒரு நோட்டோ, கொடைக்குப் பதிவு செய்த ஒலிநாடாவோ இருந்தால், பிள்ளைகள் பார்த்துவிடுவார்கள் என்று அடுப்பில் போட்டுவிடாதீர்கள். பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியில் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம் இருக்கிறது. கண்ணூரில் கேரள ஃபோக்லோர் அகாதமி இருக்கிறது. கொண்டுபோய்க் கொடுங்கள். அண்டியாப்பீசில் வேலை பார்த்த பாட்டிமார் உயிரோடு இருந்தால், பேத்திகளை அனுப்பி அழிப்பாங்கதை கேட்டு எழுதச் சொல்லுங்கள். பேரன்களிடம் அவர்கள் சொல்ல மாட்டார்கள்.